புரோஜீரியா என்று சொல்லப்பட்ட சிறுமி: கொழுப்பு கரையும் அரிய மரபணு நோய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குடும்பத்தின் சம்மதத்தோடு இது பதிவாகிறது. பெயர், ஊர், மருத்துவமனை எல்லாம் விடப்பட்டுள்ளன. குழந்தையின் படங்கள் எங்கும் வரக்கூடாது என்பது பெற்றோர் வைத்த ஒரே நிபந்தனை. அதனால் இங்கே எல்லாமே சொல்லில்தான் இருக்கிறது.

பின்னணி

சிறுமிக்கு அப்போது 11 வயது. தென் மாவட்டம் ஒன்றின் சிற்றூரிலிருந்து, ஒரு பல் மருத்துவரின் கடிதத்தோடு எங்கள் மரபியல் பிரிவுக்கு வந்தாள். கீழ்த்தாடை மிகச் சிறியது, பற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடிக்கின்றன, வாய் அகலத் திறக்கவில்லை, நான்கு பற்களை எடுத்தாக வேண்டும் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், "புரோஜீரியா என்று முன்பே கண்டறியப்பட்டவள், மயக்க மருந்து கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். குழந்தைப் பருவத்திலேயே முதுமைத் தோற்றம் தரும் அரிய மரபணு நோய் புரோஜீரியா.

சுகப்பிரசவத்தில், நல்ல எடையோடு பிறந்த குழந்தை. தவழ்ந்தது, நடந்தது, பேசியது எல்லாம் காலத்தில் நடந்தன. நான்கு வயது முடியும்வரை வீட்டில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. அதன்பிறகு முகவாய் உள்ளடங்கத் தொடங்கியது. விரல் நுனிகள் தட்டையாகி நகங்கள் குறுகின. கை கால்கள் மெலிந்து நரம்பு தெரிந்தது. ஒன்றாம் வகுப்பில் பள்ளிப் பை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும் என்று அம்மா சொன்னார். அதை அவர் பிள்ளையின் கவனக்குறைவு என்று நினைத்து அதட்டியிருக்கிறார். கழுத்தடியிலிருந்து தோளுக்குச் செல்லும் காறை எலும்பின் வெளிமுனை கரைந்துகொண்டிருந்ததற்கு அதுவே வெளியில் தெரிந்த முதல் அடையாளம்.

ஏழு வயதில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். இது புரோஜீரியா, பதின்மூன்று பதினான்கு வயதுக்கு மேல் இருப்பது கடினம். இது திடீரென உண்டாகும் மரபணு மாற்றம், அடுத்த பிள்ளைக்கு வராது. புரோஜீரியாவைப் பொறுத்தவரை இரண்டு கூற்றுகளும் சரியானவை. சிகிச்சை இல்லாத நிலையில் அந்த நோயுள்ள குழந்தைகளின் சராசரி ஆயுள் 14.5 ஆண்டுகள். ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் அது பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றமாகவே வருகிறது. மரபணுப் பரிசோதனை மட்டும் செய்யப்படவில்லை. அதற்கான வசதி அந்த ஊருக்கு அருகில் எங்கும் அப்போது கிடையாது.

அந்த இரண்டு வாக்கியங்களும் நான்கு ஆண்டுகள் அந்த வீட்டை நடத்தின. ஓராண்டு பள்ளிக்கே அனுப்பவில்லை. "இருக்கிறவரைக்கும் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்பது அப்பாவின் முடிவு. அவள் பேரில் போட்டுவந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கில் பணம் கட்டுவதையும் அவர் நிறுத்திவிட்டார். அடுத்த பிள்ளைக்கு வராது என்ற உறுதியில் ஒரு தம்பி பிறந்தான். நாங்கள் சிறுமியைப் பார்த்தபோது அவனுக்கு மூன்று வயது.

உறவுமுறை

அம்மா மணந்திருப்பது சொந்தத் தாய்மாமனை. குழந்தைக்கு அப்பத்தா ஆனவர், குழந்தையின் அம்மாவுக்கு அம்மாச்சி. முந்தைய மருத்துவக் குறிப்புகள் எதிலும் இந்தத் தகவல் இல்லை. யாரும் மறைக்கவில்லை; யாரும் கேட்கவில்லை. நான் கேட்டபோது அப்பத்தாவே நாலு தலைமுறையைத் தரையில் விரலால் கோடு போட்டுச் சொல்லிவிட்டார். நாங்கள் மருத்துவமனையில் வரையும் குடும்ப வரைபடம் எதுவும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, எந்த ஒரு மரபணுவும் ஒரே முன்னோரின் இரு நகல்களாக வந்து சேர எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது பதினாறில் ஒன்று. ஆகவே இந்தக் குடும்பத்தில் முதலில் தேட வேண்டியது, இரு பக்கமிருந்தும் சேர்ந்து வந்தால் மட்டும் வெளிப்படும் ஒடுங்கு வகை நோயை.

முதல் நாள் கண்டவை

உயரம் 124 செ.மீ., எடை 22 கிலோ. கேள்விகளுக்கு அம்மாவைப் பார்க்காமல் தானே பதில் சொன்னாள். படிப்பில் குறையேதும் இல்லை. விட்ட ஓராண்டையும் தாண்டி வகுப்பில் முன்வரிசையில் இருந்தாள்.

உடலைப் பார்த்தபோது எங்களை நிறுத்தியது கொழுப்பு இருந்த இடங்களும் இல்லாத இடங்களும்தான். கை, கால், பிட்டம் ஆகிய இடங்களில் தோலுக்கடியில் கொழுப்பே இல்லை. அளவை இடுக்கியால் தோலை மடித்தால் தாள்போல மெல்லியதாக வந்தது. தசையும் நரம்பும் வரைந்ததுபோலத் தெரிந்தன. ஆனால் கன்னங்கள் உப்பியிருந்தன. முகவாய்க்குக் கீழே சதை தொங்கியது. தலைமுடி அடர்த்தி குறைவு, ஆனாலும் இரட்டைச் சடை போடுமளவுக்கு இருந்தது. புருவமும் இமைமுடியும் இருந்தன. வயிற்றுத் தோலில் கருமையும் வெளுப்பும் கலந்த திட்டுகள். விரல்களும் முழங்கைகளும் முழுதாக நீளவில்லை. இரண்டு தோள்களையும் வழக்கத்துக்கு மேல் முன்னால் கொண்டுவர முடிந்தது.

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்து அம்மா பயத்தமாவு போட்டுத் தேய்த்து வந்திருக்கிறார். அந்தக் கருமை, ரத்தத்தில் இன்சுலின் நெடுங்காலமாக அதிகமிருப்பதன் அடையாளம். குண்டான பிள்ளையின் கழுத்தில் இருந்திருந்தால் யாராவது ஒரு மருத்துவர் சர்க்கரை பரிசோதனை எழுதியிருப்பார். ஒல்லியான பிள்ளை என்பதால் யார் கண்ணிலும் அது நிற்கவில்லை.

புரோஜீரியா என்ற முடிவை ஏன் திறந்து பார்த்தோம்

இந்த நோயை ஜொனாதன் ஹட்சின்சன் 1886இல் முதலில் விவரித்தார். ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்டு 1904இல் அதற்குப் புரோஜீரியா என்று பெயரிட்டார். நாற்பது லட்சம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் காணப்படுவது. அதில் குழந்தை பிறந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் வளர்ச்சி நின்று, தலைமுடியும் புருவமும் உதிர்ந்து, உடல் முழுவதும், முகத்திலும்கூட, கொழுப்பு கரைந்துவிடும். எங்களிடம் வந்த சிறுமிக்கு நோய் தொடங்கியதே நான்கு வயதுக்குப் பின். முடி இருக்கிறது. முகத்தில் கொழுப்பு இருக்கிறது. பெற்றோர் நெருங்கிய ரத்த உறவு. இந்த நான்கில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் விதிவிலக்கு என்று விட்டிருக்கலாம். நான்கும் ஒரே திசையைக் காட்டின.

சிறிய தாடை, கரையும் காறை எலும்பு, கரையும் விரல் நுனி எலும்பு, கைகால் கொழுப்பிழப்பு ஆகியவை சேர்ந்த மண்டிபுலோஅக்ரல் டிஸ்பிளேசியா என்ற நோயே எங்கள் முதல் சந்தேகம். இதில் இரண்டு வகை உண்டு. ஏ வகையில் கைகால் கொழுப்பு போய் முகத்தில் தங்கும். காரணம் எல்எம்என்ஏ மரபணு. பி வகையில் இன்னும் சிறுவயதிலேயே தொடங்கி உடல் முழுக்கக் கரையும்; காரணம் இசட்எம்பிஎஸ்டிஇ24 மரபணு, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

பரிசோதனைகளின் வரிசை

மரபணு முடிவு வரும்வரை எதையும் நிறுத்தி வைக்கவில்லை. விலை குறைந்தவற்றை அன்றே செய்தோம். கை எக்ஸ்ரேயில் விரல்களின் கடைசி எலும்புகள் நுனியில் கரைந்திருந்தன. மார்பு எக்ஸ்ரேயில் இரு காறை எலும்புகளும் வெளிமுனையில் கூராகத் தேய்ந்திருந்தன. மண்டையோட்டுத் தையல்கள் 11 வயதிலும் முழுதாக மூடவில்லை. எக்கோ, இசிஜி இரண்டும் இயல்பு. சிறுநீரில் புரதம் இல்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 96 மில்லிகிராம். இதோடு நிறுத்தியிருந்தால் இயல்பு என்று எழுதி அனுப்பியிருப்போம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 158. வெறும் வயிற்று இன்சுலின் 41 அலகு, இந்த வயதுக்குப் பல மடங்கு அதிகம். ரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 326, நல்ல கொழுப்பு 31. கல்லீரல் நொதி உயர்ந்திருந்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது.

மரபணுவைப் பொறுத்து ஒரு தேர்வு இருந்தது. சந்தேகப்பட்ட எல்எம்என்ஏ ஒன்றை மட்டும் பார்ப்பதா, முதுமைத் தோற்றம் தரும் பல மரபணுக்களை ஒரே தொகுப்பில் பார்ப்பதா. நாங்கள் தொகுப்பையே தேர்ந்தோம். இசட்எம்பிஎஸ்டிஇ24, பிஏஎன்எஃப்1, பிஓஎல்டி1, டபிள்யுஆர்என் எல்லாம் அதில் அடங்கும். இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு தவறான பெயர் தரப்பட்டுவிட்டது. இரண்டாவது பெயரும் அரைகுறையாக இருக்கக்கூடாது என்பதே காரணம். ஒற்றை மரபணுவில் ஏதும் இல்லையென்று வந்தால் மீண்டும் ரத்தம், மீண்டும் செலவு, மீண்டும் பேருந்து.

முடிவு

எல்எம்என்ஏ மரபணுவின் இரு நகல்களிலும் ஒரே மாற்றம் இருந்தது: அது ஆக்கும் புரதத்தின் 527ஆம் இடத்தில், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின். 2002இல் இத்தாலியக் குடும்பங்களில் ஏ வகை நோய்க்குக் காரணமாக முதலில் கண்டறியப்பட்ட அதே மாற்றம். அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒவ்வொரு நகலில் அது இருந்தது. ஒரு நகலில் மட்டும் இருந்தால் நோய் வராது; இருவரும் நலமாகவே இருக்கிறார்கள்.

முந்தைய மருத்துவரின் எண்ணம் முற்றிலும் வேறு திசையில் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புரோஜீரியாவுக்குக் காரணமும் இதே எல்எம்என்ஏதான். 2003இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் காலின்ஸ், லெஸ்லி கார்டன் ஆகியோர் இருந்த குழுவும், பிரான்சில் நிக்கோலா லெவியின் குழுவும் அதைக் கண்டறிந்தன. இந்த மரபணு ஆக்கும் லாமின் ஏ என்ற புரதம் செல்லின் உட்கருவுக்கு உட்சுவராக நின்று அதன் வடிவத்தைக் காக்கிறது. முதலில் முந்துபுரதமாக உருவாகி, வாலில் ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டி, பிறகு இசட்எம்பிஎஸ்டிஇ24 நொதி அந்த வாலை வெட்டியபின்தான் அது முழுமையாகிறது. புரோஜீரியாவில் ஒற்றை எழுத்து மாற்றத்தால் 50 அமினோ அமிலங்கள் விடுபட்டு, வெட்டும் இடமே காணாமல் போகிறது. வாலோடு தங்கிவிடும் அந்தப் புரதத்துக்குப் புரோஜெரின் என்று பெயர். அது உட்கருவை நெளித்துச் சிதைக்கிறது. முதுமை அடையும் சாதாரண மனிதர்களின் செல்களிலும் புரோஜெரின் மிகச் சிறிய அளவில் காணப்படுகிறது. இந்த அரிய நோய்கள் மூப்பைப் பற்றிய ஆய்வின் நடுவே வந்து நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

அதே மரபணுவின் 482ஆம் இடத்தில் ஒரு நகல் மட்டும் மாறினால் வேறொரு நோய் வருகிறது. 1974இல் ஸ்காட்லாந்தில் டன்னிகன் விவரித்த அந்தப் பகுதிக் கொழுப்பிழப்பில், பருவமடையும்வரை ஒன்றும் தெரியாது. அதன்பின் கைகால் கொழுப்பு கரைந்து முகத்திலும் கழுத்திலும் சேரும். முதுமைத் தோற்றம் இருக்காது, நீரிழிவும் மாரடைப்பும் சீக்கிரம் வரும். வேறு இடங்களில் மாறினால் தசைநோயும் இதயத் துடிப்புக் கோளாறும். ஒரு கோடியில் புரோஜீரியா, மறுகோடியில் டன்னிகன், நடுவில் எங்கள் சிறுமி. ஆயுள், பரம்பரை, மருந்து என எல்லாமே அவள் எங்கே நிற்கிறாள் என்பதைப் பொறுத்து மாறுகின்றன.

முடிவைச் சொன்ன நாள்

பெற்றோரை மட்டும் முதலில் உட்கார வைத்தோம். ஏ வகை நோயோடு நடுவயது வரை வாழ்ந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள் என்றும், நீரிழிவு, கொழுப்பு, ரத்தக் குழாய் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்வதே இனி வேலை என்றும் சொன்னோம். எத்தனை வயது என்று ஒரு எண்ணைச் சொல்ல மறுத்தோம். முன்பு சொல்லப்பட்ட எண் என்ன செய்தது என்று எதிரில் இருந்தவர்களைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப காலேஜுக்குச் சேர்த்துவைக்கணுமே சார்" என்று என்னுடன் இருந்த குழந்தைநல மருத்துவரைப் பார்த்துச் சொன்னார்.

அம்மாவின் கேள்வி வேறு. "மாமா பக்கத்துலருந்து வந்துச்சா, என் பக்கத்துலருந்தா?" ஊரில் நான்கு ஆண்டுகளாக அவர் கேட்டுவந்த பழி அதில் இருந்தது. இருவரும் சரிபாதி என்று வரைபடத்தைக் காட்டிச் சொன்னோம். அப்பத்தாவையும் அழைத்து அவர் முன்னாலும் ஒருமுறை சொல்லச் சொன்னார் அம்மா. சொன்னோம். அன்றைய வேலைகளில் மிக அவசியமானதாக அதையே இன்றும் கருதுகிறேன்.

லோனாஃபார்னிப் வேண்டாம் என்ற முடிவு

அப்பா கைபேசியில் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டது லோனாஃபார்னிப் மருந்தைப் பற்றி. முந்துபுரதத்தின் வாலில் கொழுப்புத் துணுக்கு ஒட்டுவதைத் தடுக்கும் மருந்து அது. 2020 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனுமதியின் எல்லை குறுகியது. புரோஜீரியாவுக்கும், ஒரு நகல் எல்எம்என்ஏ மாற்றத்தால் புரோஜெரின் போன்ற புரதம் சேரும் நிலைக்கும், இசட்எம்பிஎஸ்டிஇ24இன் இரு நகல்களும் மாறிய நிலைக்கும்தான் அது. எங்கள் சிறுமி இந்த மூன்றிலும் இல்லை. பி வகையாக இருந்திருந்தால் பேச்சு வேறு. பலன் நிரூபணமாகாத மருந்துக்காக நிலத்தை விற்க அவர் தயாராக இருந்தார். அதனாலேயே இந்த இடத்தில் நாங்கள் குழப்பமில்லாமல் பேச வேண்டியிருந்தது.

கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் ஹார்மோனின் செயற்கை வடிவமான மெட்ரிலெப்டினையும் யோசித்தோம். 2014இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது உடல் முழுக்கக் கொழுப்பு இல்லாதவர்களுக்கு. இவளுக்கு முகத்திலும் கழுத்திலும் கொழுப்பு இருக்கிறது, ரத்தத்தில் லெப்டின் குறைவு என்றாலும் அற்றுப்போகவில்லை. விலையும் எட்டாதது. உணவாலும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தாலும் கட்டுப்படாமல் போனால் பார்க்கலாம் என்று குறித்து வைத்தோம்.

உணவு: மிகக் கடினமான உரையாடல்

பேத்தி தேறவேண்டும் என்று அப்பத்தா ஏழு ஆண்டுகளாக ஊட்டியவை: காலையில் நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களி, மதியச் சோற்றில் கரண்டி நெய், மாலையில் சர்க்கரை போட்ட சத்துமாவுப் பால், ராத்திரி வாழைப்பழம். ஒவ்வொன்றும் அன்பால் கொடுத்தது. ஒவ்வொன்றும் கல்லீரலில் போய்ப் படிந்துகொண்டிருந்தது.

"நெய்யை நிறுத்துனா எப்படித் தாயி சதை பிடிக்கும்?" என்று கேட்டார். நெல் சேமிக்கும் குதிர் ஒன்றை வைத்துச் சொன்னேன். வீட்டில் குதிர் உடைந்துவிட்டால் வந்த நெல் கூடத்திலும் அடுப்படியிலும் கொட்டிக் கிடக்கும். நெல்லை இன்னும் கொண்டுவந்தால் நடக்கக்கூட இடமிருக்காது. இவளுக்குக் கைகாலில் கொழுப்பைச் சேமிக்கும் செல்கள் முதிர்வதில்லை. சாப்பிடும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் ரத்தத்திலும் தங்கிவிடுகிறது. அங்கே தங்கும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் போட்டதுதான் வெனையா?" என்றார். நோய் வந்தது சாப்பாட்டால் இல்லை என்பதை அவரிடம் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வருகையில் அவரே உணவுப் பட்டியலை ஒப்பித்தார்: எண்ணெய் அளவு, இனிப்புப் பானம் கிடையாது, சோறு ஒரு கிண்ணம், சுண்டல், முட்டை, மோர், காய். வளரும் பிள்ளை என்பதால் பட்டினி போடவில்லை. மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கைத்தான் குறைத்தோம்.

நான்கு மாதத்தில் டிரைகிளிசரைடு 326இலிருந்து 198க்கு வந்தது. இரண்டு மணி நேரச் சர்க்கரை 149, இன்சுலின் பெரிதாகக் குறையவில்லை. பருவமடையும் காலம் நெருங்கியிருந்தது. அந்தக் காலத்தில் இன்சுலின் எதிர்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்குமே கூடும். காத்திருந்தால் நீரிழிவாகிவிடும் என்று கருதி, நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் தொடங்கினோம்.

பல் பிடுங்கல்

வந்த காரணமே இது. நான்கு பல்தானே என்று சிறிய மருத்துவமனை ஒன்றில் செய்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. தாடை பின்னால் இருப்பதால் நாக்கு தொண்டையை அடைத்துக்கொள்ளும். கழுத்து மூட்டும் இறுகியிருந்தது. மயக்கம் கொடுத்தபின் வழக்கமான முறையில் சுவாசக் குழாய் போட முடியாமல் போகலாம். மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே அவளைப் பார்த்து, மூக்கு வழியே வளையும் உள்நோக்கிக் கருவியால் குழாய் செலுத்தத் திட்டமிட்டார். தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட காது மூக்கு தொண்டை நிபுணர் அறைக்குள்ளேயே இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டது. எதுவும் தேவைப்படவில்லை, மறுநாள் வீட்டுக்குப் போனாள். அவளது பள்ளி அடையாள அட்டையின் பின்னால், சுவாசக் குழாய் போடுவது கடினம் என்ற குறிப்பை ஒட்டிக் கொடுத்தோம். விபத்தென்று எங்காவது தூக்கிப் போனால் அங்கிருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

தம்பி

பெற்றோர் இருவரும் ஒரு நகல் சுமப்பவர்கள் என்பதால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. தம்பிக்கு மூன்று வயது. ஏ வகை வெளியே தெரியத் தொடங்கும் வயதே அதற்குப் பிறகுதான். பார்த்துச் சொல்ல முடியாது. நோய் இருந்தால் உணவை இப்போதே மாற்றலாம், கண்காணிக்கலாம். அந்த நன்மை இருந்ததால் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டோம். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்வோம், ஒரு நகல் சுமக்கிறானா என்பதை அவன் வளர்ந்து தானே வந்து கேட்டால் சொல்வோம் என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். அவனுக்கு நோய் இல்லை.

சித்தியின் திருமணம்

எதிர்பாராத இடத்திலிருந்து அடுத்த கேள்வி வந்தது. அம்மாவின் தங்கைக்கு மாமன் மகனோடு, அதாவது சிறுமியின் பெரியப்பா மகனோடு, திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரே கிளையிலிருந்து மீண்டும் ஒரு முடிச்சு.

கணக்கு நேரானது. தங்கை ஒரு நகல் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மாப்பிள்ளைக்கு நான்கில் ஒன்று. இருவருமே சுமக்க எட்டில் ஒன்று. அப்போதும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒன்று. சேர்த்தால் முப்பத்திரண்டில் ஒன்று. பரிசோதித்தால் இந்தக் கணக்கே வேண்டாம். இருவரில் ஒருவரிடம் இல்லையென்று தெரிந்தாலே போதும்.

எங்களுக்கு இருந்த கவலை வேறு. ஒரு பெண் "மாற்றம் சுமப்பவள்" என்று ஊருக்குத் தெரிந்தால் அது அவளுக்கு நோயாகவே சொல்லப்படும். ஆகவே அவளைத் தனியாகச் சந்தித்தோம். முடிவு அவளிடம் மட்டும் தரப்படும், யாரிடம் சொல்வது என்பது அவள் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தோம். அவளிடம் மாற்றம் இருந்தது. இனி மாப்பிள்ளையைப் பரிசோதிக்க வேண்டும். பெண் பக்கம் பார்த்தாயிற்றே, ஆம்பளைக்கு எதற்கு என்று அவர் வீட்டில் தடை. சில வாரங்கள் கழித்து அந்த இளைஞர் யாரிடமும் சொல்லாமல் தனியே வந்து ரத்தம் கொடுத்தார். அவரிடம் மாற்றம் இல்லை. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. திருமணம் நடந்தது.

சொந்தத்தில் கட்டக்கூடாது என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நிலமும் பாசமும் பாதுகாப்பும் பின்னிய வழக்கம் அது. ஒரு மருத்துவரின் அறிவுரையால் நிற்காது. ரத்தப் பரிசோதனை என்றால் மக்கள் வருகிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்

இப்போது அவளுக்கு 13 வயது முடிந்துவிட்டது. டிரைகிளிசரைடு 170க்கும் 200க்கும் இடையில். சர்க்கரை நீரிழிவு அளவைத் தொடவில்லை. கல்லீரல் நொதி இயல்புக்கு வந்துவிட்டது. கழுத்துக் கருமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அப்பா அபராதம் கட்டிச் செல்வமகள் கணக்கைப் புதுப்பித்துவிட்டார்.

நோய் நிற்கவில்லை. விரல் எலும்புகள் இன்னும் சற்றுக் கரைந்திருக்கின்றன. நீண்ட நேரம் எழுதினால் வலிக்கிறது என்பதால் தேர்வில் கூடுதல் நேரத்துக்குச் சான்று கொடுத்திருக்கிறோம். கைகால்கள் இன்னும் மெலிந்திருக்கின்றன. முழங்கை இறுக்கத்துக்கு இயன்முறைப் பயிற்சி தொடர்கிறது. பயிற்சி விட்டுப்போன மாதங்கள் உடனே தெரிகின்றன. ஆண்டுக்கொருமுறை எக்கோ, கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேன், கண் பரிசோதனை. மாதவிடாய் தொடங்கிவிட்டது, கொழுப்பிழப்பு நோயுள்ள பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி வரலாம் என்பதால் அதையும் கவனிக்கிறோம்.

கடந்த வருகையில் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: "டாக்டர், எனக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கும் வருமா?" உன்னுடைய ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நகலைக் கட்டாயம் பெறும், ஆனால் அந்த ஒன்றால் நோய் வராது என்றேன். கணவரும் அதே நகலைச் சுமந்தால்தான் ஆபத்து, அதை ஒரு பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம், உனக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரைக் கண்காணிப்பு மட்டும் கூடுதலாக வேண்டும் என்றும் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் நடைமுறையில் மாறியவை

மரபணு முடிவு கைக்கு வராமல் புரோஜீரியா என்ற சொல்லை நாங்கள் எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை. "முதுமைத் தோற்றம், காரணம் ஆய்வில்" என்று மட்டும் எழுதுகிறோம். ஆயுளைப் பற்றி அந்தக் கட்டத்தில் பேசுவதே இல்லை. வயதுக்கு மீறி மூத்துத் தெரியும் எந்தக் குழந்தைக்கும், கொழுப்பு எங்கே போயிருக்கிறது, எங்கே தங்கியிருக்கிறது, எந்த வயதில் தொடங்கியது, பெற்றோர் என்ன உறவு என்ற நான்கு கேள்விகள் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிறுத்தாமல் இன்சுலின், டிரைகிளிசரைடு, குளுக்கோஸ் குடித்த பின் சர்க்கரை மூன்றும் பார்க்கப்படுகின்றன. ஒல்லியான குழந்தை என்பது விலக்குக்குக் காரணமாகாது.

முடிவு வந்த பிறகு முந்தைய மருத்துவருக்கு முழு அறிக்கையை அனுப்பினோம். அவர் தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் கேட்டறிந்தார். அதன்பின் அவர் அனுப்பிய இன்னொரு குழந்தையின் கடிதத்தில் பெற்றோரின் உறவுமுறை, கன்னத்தில் கொழுப்பு உண்டா இல்லையா, டிரைகிளிசரைடு அளவு எல்லாம் எழுதப்பட்டிருந்தன. நோயின் பெயருக்கான இடத்தை அவர் காலியாக விட்டிருந்தார். அந்தக் குழந்தையின் மரபணு முடிவுக்குக் காத்திருக்கிறோம்.